பிடிமண்

முத்தாலம்மனுக்கு ஆயுள் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். மதுரை, திண்டுக்கல், தேனி வட்டாரத்தில் பல ஊர்களில் இவளுக்குக் கல்லில் சிலை கிடையாது. திருவிழாவை அறிவித்துச் சாமி சாட்டியதும் ஊர்ப் பெரியவர்கள் குயவரான வேளார் வீட்டுக்குப் போய்ப் பிடிமண் கொடுப்பார்கள். கண்மாய்க் களிமண்ணை மிதித்துப் பிசைந்து, வைக்கோல் சேர்த்து, வேளார் அம்மனை எழுப்புவார். கை, கால், நகை, கிரீடம் எல்லாம் முடிந்து வண்ணமும் பூசியாயிற்று என்றாலும் அதுவரைக்கும் அது பொம்மைதான். கடைசியில்தான் கண் திறப்பார்கள். அந்த நொடியிலிருந்து அவள் ஆத்தா. மாவிளக்கு, முளைப்பாரி, கிடா வெட்டு என்று ஊர் விடிய விடிய விழித்திருக்கும். மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் அம்மன் பூஞ்சோலைக்குப் புறப்படுவாள். பூஞ்சோலை என்பது அழகான பெயர். நடப்பது என்னவோ, ஊர் எல்லையில் அந்த உருவத்தைக் கலைப்பதுதான். நேற்று ஊரே கையெடுத்துக் கும்பிட்ட முகம் ஒரே மழையில் மண்ணோடு மண்ணாகிவிடும்.

அடுத்த திருவிழாவுக்கு வேறு மண், வேறு வைக்கோல், சில சமயம் வேறு வேளார். "போன தடவை வந்த ஆத்தாவும் இவளும் ஒரே ஆளா?" என்று மாவிளக்கு ஏந்தி நிற்கும் ஒரு பாட்டியிடம் கேட்டால், கேட்டவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார். வேறு யாராம்?

இதே கேள்வியை நரம்பியல்காரர்கள் நாற்பது ஆண்டுகளாக ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்பது அம்மனைப் பற்றியல்ல, நினைவைப் பற்றி.

பண்ணைப்புரத்துக்காரரான இளையராஜா இசையமைத்த முதல் படம் 'அன்னக்கிளி' 1976இல் வந்தது. கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ அன்று பத்து வயதில், கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் அந்தப் படப் பாட்டைக் கேட்ட ஒருவருக்கு இன்று அறுபதைத் தொட்ட வயது. இப்போதும் டீக்கடையில் எதேச்சையாக அந்த மெட்டு காதில் விழுந்தால் போதும். பந்தலின் நிழல், சாம்பார் வாசம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய்மாமனின் வெள்ளை வேட்டி, எல்லாம் எழுந்து வந்து நிற்கும். அந்தப் பையன் இப்போது இல்லை. அவனுடைய தோல் எத்தனையோ தடவை உரிந்து புதிதாகிவிட்டது, பால் பற்கள் என்றைக்கோ கூரைக்குப் போய்விட்டன. அப்படியானால் அந்தப் பந்தல் இத்தனை காலமாக எதன்மேல் நின்றுகொண்டிருக்கிறது?

எளிதான ஒரு பதில் உண்டு. உடலின் மற்ற உயிரணுக்கள் மாறலாம், மூளையின் நரம்பணுக்கள் மாறுவதில்லை. அது பெரும்பாலும் உண்மைதான், அதற்குச் சான்று கிடைத்த வழியும் விசித்திரமானது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 திடீரென்று கூடியது. பிறகு ஒப்பந்தம் வந்து சோதனைகள் நிலத்துக்கடியில் போனதும் அது மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரு உயிரணு பிறக்கும்போது அதன் டி.என்.ஏ.வில் அன்றைய காற்றின் கணக்கு பதிந்துவிடும். ஸ்வீடனில் யோனாஸ் ஃப்ரிசேன் குழுவினர் இந்தக் கணக்கைப் பிறப்புச் சான்றிதழ் போல வாசித்தார்கள். மனித மூளைப் புறணியின் நரம்பணுக்களுக்கு அந்த மனிதருக்கு ஆன வயதுதான் ஆகிறது என்று தெரிந்தது. அறுபது வயதுக்காரரின் மூளைப் புறணியில் இருப்பவை அறுபது வயது நரம்பணுக்கள்.

ஆனால் வீடு பழையது என்பதால் செங்கலும் பழையது என்று ஆகிவிடாது. நரம்பணு நிற்கிறது, அது எதனால் ஆனதோ அந்தப் புரதங்கள் நிற்பதில்லை. 2010இல் ஸ்டான்லி புரூசினர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் எலிகளில் அளந்து பார்த்தபோது, கல்லீரல் புரதங்களின் சராசரி அரை ஆயுள் 3 நாள், மூளைப் புரதங்களுக்கு 9 நாள் என்று வந்தது. ஒன்பது நாளில் பாதி போகும், பதினெட்டு நாளில் முக்கால் போகும், மூன்று மாதத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். தட்டில் வளர்த்த நரம்பணுக்களை ஃபிராங்க்ஃபர்ட்டில் எரின் ஷூமன் குழு ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட கணக்கில், சில புரதங்கள் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை, சில இருபது நாளைத் தாண்டின. நினைவு தங்கும் இடம் என்று நம்பப்படும் சினாப்ஸ், அதாவது ஒரு நரம்பணு இன்னொன்றோடு பேசிக்கொள்ளும் சந்தி, இந்த விதிக்கு வெளியே இல்லை. விதிவிலக்கான புரதங்களும் உண்டு. உயிரணுக் கருவின் வாசலைக் கட்டி நிற்கும் சில புரதங்கள் எலியின் வாழ்நாளில் பெரும்பகுதி அப்படியே இருக்கின்றன. ஆனால் அவை காவல்காரர்கள், பாட்டை நினைவில் வைத்திருப்பவர்கள் அல்லர். எலியின் கணக்கை மனிதனுக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். இருந்தாலும் பேச்சுக்குப் பொருத்திப் பார்த்தால், 1976 முதல் இன்றுவரை அந்தச் சந்திகளில் மண் மாறியது ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை. ஆத்தா மட்டும் அதே ஆத்தா.

டி.என்.ஏ.வின் முறுக்கிய ஏணியைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக், 1984இல் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். மூளையின் மூலக்கூறுகளில் பெரும்பாலானவை நாள், வாரம், மாதக் கணக்கில் மாறிவிடும்போது, பல்லாண்டு நினைவு எப்படித் தங்குகிறது என்பதுதான் கேள்வி. அவரே ஒரு வழியையும் சொன்னார். ஒரு புரதம் இரண்டு பாதியாக இருக்கிறது, இரண்டிலும் ஓர் அடையாளம் பதிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாதி கழன்று போய் அடையாளமில்லாத புதுப் பாதி வந்து சேர்ந்தால், மிஞ்சியிருக்கும் பழைய பாதி அந்த அடையாளத்தைப் புதியதன்மேல் பதித்துவிடும். அடுத்த முறை பழையது போகும், முன்பு புதிதாக வந்தது இப்போது ஆசிரியராகும். இரண்டும் ஒரே நேரத்தில் போகாதவரை அடையாளம் அழியாது. மறு ஆண்டே ஜான் லிஸ்மன் இந்த யோசனையை வேதியியல் விசை போன்ற ஒரு மாதிரியாகத் தீட்டினார். சந்திகளில் மலிந்து கிடக்கும், பன்னிரண்டு துண்டு சேர்ந்த ஒரு நொதிமேல் பிறகு எல்லார் கண்ணும் விழுந்தது.

தெற்கத்தி ஊர்க்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பிழைப்புத் தேடி இடம் பெயர்ந்த குடும்பம் பழைய ஊரில் இருக்கும் குலசாமியைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. கோயில் வாசலில் ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து வருவார்கள். வந்த இடத்தில் அந்த மண்ணைப் போட்டு, அதன்மேல் புதுப் பீடம் கட்டினால் அங்கேயும் அதே சாமி. அந்தப் பிடிமண் ஒரு துளிதான், மற்றதெல்லாம் வந்த ஊரின் செங்கல்லும் சிமெண்டும். பேரன் காலத்தில் அங்கிருந்தும் ஒரு கிளை பிரிந்து போனால், இந்தப் புதுக் கோயிலிலிருந்தே பிடிமண் போகும். முதல் ஊர் மண்ணில் ஒரு துகள்கூட அதில் இல்லாமல் போகலாம். யாரும் கவலைப்படுவதில்லை.

சந்தியில் பழையது போய்ப் புதியது வரும் இந்த வேலை நடக்கும் விதம் கிட்டத்தில் பார்க்கத் தக்கது. சாலையை அகலப்படுத்த வரும்போது இடிக்கவேண்டிய சுவரில் சிவப்புப் பெயிண்டால் குறி போட்டுவிட்டுப் போவார்களே, அப்படி ஒரு ஏற்பாடு உயிரணுவுக்குள் இருக்கிறது. குறியின் பெயர் யுபிக்விட்டின். 76 அமினோ அமிலங்கள் கோத்த குட்டிப் புரதம். காலாவதியான புரதத்தின்மேல் இதை ஒன்றன்மேல் ஒன்றாகச் சங்கிலி போல ஒட்டிவிட்டால், புரோட்டியசோம் என்ற பீப்பாய் வடிவ இயந்திரம் அதை உள்ளே இழுத்துத் துண்டு துண்டாக நறுக்கும். குறியை மட்டும் கழற்றி வெளியே வைத்துவிடும், அடுத்த சுவருக்கு ஆகும் என்று. நறுக்கிய அமினோ அமிலங்கள் மறுபடி கட்டுமானத்துக்குப் போகும். இந்தக் குறியைக் கண்டுபிடித்ததற்காக ஆரோன் சீகனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல் கிடைத்தது. புரோட்டியசோமின் வாயில் நுழையாத பெரிய குப்பைகளுக்கு வேறு வழி. பை போல ஒரு சவ்வு அவற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்ச் செரிக்கக் கொடுக்கும். அந்த வழியின் மரபணுக்களைக் கண்டறிந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல்.

இடித்த இடத்தில் கட்டவும் வேண்டும். ஒரு நரம்பணுவின் கிளைகளில் ஆயிரக்கணக்கான சந்திகள் உண்டு. எல்லாவற்றுக்கும் தலைமையகத்திலிருந்தே சரக்கு அனுப்பிக் கட்டுப்படியாகுமா? கம்பத்தில் நடக்கும் கல்யாணத்துக்கு மதுரையில் சமைத்து லாரியில் ஏற்றி வருவதில்லை. பந்தலுக்குப் பின்னாலேயே அடுப்பு மூட்டுவார்கள். மூளையும் அப்படித்தான். 1982இல் ஆஸ்வால்ட் ஸ்டீவர்டும் வில்லியம் லெவியும் மின்னணு நுண்ணோக்கியில், சந்திகளின் அடிவாரத்திலேயே ரைபோசோம்கள் கொத்தாகக் குந்தியிருப்பதைப் பார்த்தார்கள். ரைபோசோம் என்பது புரதம் சமைக்கும் அடுப்பு. கருவிலிருந்து வரவேண்டியது செய்முறைச் சீட்டு மட்டும்தான். இந்தச் சமையலை யார் கூட்டுகிறார், யார் குறைக்கிறார் என்று பார்ப்பவர்களில் பெங்களூரைச் சேர்ந்த ரவி முத்தஷெட்டியின் குழுவும் ஒன்று. அடுப்பைத் தணித்து வைக்கும் ஒரு புரதம் பிறவியிலேயே இல்லாமல் போனால், சந்திகளில் கண்டபடி சமையல் நடந்து குழந்தையின் அறிவு வளர்ச்சி தடைபடும். ஃப்ராஜைல் எக்ஸ் என்ற பரம்பரைக் கோளாறு அது.

கேட்பவர்களுக்கு முதலில் நெருடுவது ஒன்றுதான். கட்டுவது சரி, இடிப்பது எதற்கு? பழுதானதை அகற்றுவது என்றால் புரிகிறது. நினைவு நிற்பதற்கே இடிப்பு தேவை என்றால்?

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தலில் கவாத்து அடிக்கிற நாளில் போய் நின்றால் இதற்குப் பதில் காலடியில் கிடக்கும். கத்திரி ஏறிய இடமெல்லாம் பச்சைக் கொடி குவிந்து கிடக்கும், பந்தல் மொட்டையாக வானத்தைக் காட்டும். புதிதாகப் பார்ப்பவர் வயிறு பகீர் என்னும். கவாத்து அடிக்காத கொடி இலை கட்டும், குலை கட்டாது, ஏனென்றால் காய் பிடிப்பது புதுத் துளிரில்தான். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை இந்த வெட்டின் பிள்ளை.

2006இல் ஜெர்மனியில் ரொசலினா ஃபொன்சேக்கா குழு எலி மூளைத் துண்டில் ஒரு சந்தியை வலுப்படுத்திவிட்டு, வலு நிற்கிறதா என்று பார்த்தது. மருந்து கொடுத்துப் புரதம் கட்டுவதை நிறுத்தினார்கள், வலு சரிந்தது. இது எதிர்பார்த்ததுதான். வேறு மருந்தால் புரதம் இடிப்பதை நிறுத்தினார்கள், அப்போதும் சரிந்தது. பிறகு இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். வலு நின்றது! இரண்டு கையும் சேர்ந்து ஆடினால் ஊஞ்சல் நிற்காது, இரண்டும் சேர்ந்து ஓய்ந்தாலும் இருந்த இடத்தில் இருக்கும், ஒரு கை மட்டும் ஓய்ந்தால்தான் கோளாறு. நினைவு என்பது ஒரு பண்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இந்தச் சோதனை சங்கடம் கொடுத்திருக்க வேண்டும். பண்டத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கலாம். வரவும் செலவும் சமமாக ஓடும் கணக்கை எந்தப் பெட்டியில் பூட்டுவது?

இப்போது உத்தமபாளையத்துக்கு வரவேண்டும். ஊரை ஒட்டிய பாறைக் குன்றில் கருப்பணசாமி கோயில் இருக்கிறது. அந்தப் பாறை முகத்தில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். ஏறக்குறைய ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்திய சமணப் புடைப்புச் சிற்பங்கள் அவை, அருகே வட்டெழுத்தில் கல்வெட்டுகள். மதுரையைச் சுற்றிய சமணக் குன்றுகள் பலவற்றில் காணும் அச்சணந்தி என்ற முனிவரின் பெயர் இங்கும் உண்டு. கீழே கருப்பனுக்குப் பொங்கல் பொங்கும், மேலே நிர்வாணமாகக் கண்மூடி நிற்கும் தீர்த்தங்கரர்கள். பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சமண முனிவர்கள் எதற்காக ஊர் ஊராக வாதம் செய்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது.

மாறிக்கொண்டே இருக்கும் ஒன்று எப்படி 'அதே' ஒன்றாக இருக்க முடியும் என்ற கேள்விக்காகத் தமிழ்நாட்டில் பௌத்தரும் சமணரும் சைவரும் பல நூறு ஆண்டுகள் சளைக்காமல் அடித்துக்கொண்டார்கள். பௌத்தர் சொன்னது கணபங்கம். எல்லாம் கணந்தோறும் அழிந்து கணந்தோறும் பிறக்கிறது, நிலையான பொருள் என்று எதுவும் இல்லை, இருப்பது தொடர்ச்சி மட்டும். இரவெல்லாம் எரியும் விளக்கின் சுடர் முன்னிரவில் இருந்த சுடரும் இல்லை, முற்றிலும் வேறு சுடரும் இல்லை. சின்னமனூர் விவசாயிக்குச் சொல்வதென்றால் வாழையடி வாழை. தாய்மரம் குலை தள்ளிச் சாயும், பக்கக் கன்று எழும், தோட்டம் மட்டும் அதே தோட்டம்.

சமணர் சும்மா விடவில்லை. பௌத்தக் காப்பியமான குண்டலகேசிக்கு மறுப்பாகவே நீலகேசி எழுந்தது. அதன் நாயகி பழையனூர்ச் சுடுகாட்டுப் பேயாக இருந்து, முனிவர் ஒருவரால் திருந்தி, நாடெங்கும் போய்ப் பௌத்தர் முதலானோரை வாதுக்கு இழுக்கிறாள். (காலத்தின் கூத்தைப் பாருங்கள். மறுக்கப்பட்ட குண்டலகேசியில் சில பாடல்களே மிஞ்சின, மறுத்த நூல் முழுசாக இருக்கிறது.) கணந்தோறும் ஆள் அழிந்துபோனால் நேற்றுக் கண்டவனும் இன்று நினைப்பவனும் வேறுவேறு ஆட்களா, ஒருவன் உண்ண இன்னொருவனுக்குப் பசி ஆறுமா என்பது கணபங்கத்தை எதிர்த்தவர்கள் எல்லாரும் எடுத்த ஆயுதம். சமணரின் சொந்தக் கொள்கை நிதானமானது. எந்தப் பொருளிலும் தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் ஒரே நேரத்தில் உண்டு. அதற்குச் சமந்தபத்திரர் காட்டிய உவமை பொற்குடம். குடத்தை உருக்கிக் கிரீடம் செய்தால் குடத்தை விரும்பியவன் அழுவான், கிரீடத்தை விரும்பியவன் சிரிப்பான், பொன்னை மட்டும் பார்ப்பவனுக்கு இரண்டும் இல்லை. உருவம் போனது, பொன் நின்றது.

இங்கேதான் சினாப்ஸ் எல்லாரையும் மடக்குகிறது. அங்கே போவது பொன், நிற்பது குடம்! பொருள் அத்தனையும் வெளியேறிவிட, உருவம் மட்டும் இடம் பிடித்து நிற்கிறது. சமணரின் உவமை தலைகீழாகிவிட்டது. பௌத்தரின் சுடர் ஓரளவு பொருந்தும், ஆனால் சுடருக்குத் தன் பழைய உருவத்தைக் காக்க ஓர் ஏற்பாடு கிடையாது. காற்று அடித்தால் ஆடும், அவ்வளவுதான். சந்திக்கு அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. புலவர்கள் எழுதாத அந்த உவமையை வேளார் வீட்டுத் திண்ணையில் களிமண்ணாகப் பார்க்கலாம். முத்தாலம்மன் விஷயத்தில் மண் போகிறது, அம்மன் நிற்கிறாள். நிற்க வைப்பது ஊரின் சாட்டுதல், வேளாரின் கைப்பழக்கம், அந்தப் பிடிமண்.

அண்மையில் சந்தியிலும் ஒரு பிடிமண் கிடைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். நினைவைத் தாங்கும் நொதி என்று நரம்பியலாளர் டாட் சாக்டர் நெடுங்காலம் சொல்லிவந்தது வேறொன்று, பி.கே.எம். ஸீட்டா. இதற்குப் பெரிய அடி 2013இல் விழுந்தது. அந்த நொதியே இல்லாமல் வளர்த்த எலிகளும் ஞாபகமாகத்தான் இருந்தன. கதை முடிந்தது என்றார்கள். முடியவில்லை. 2024இல் சாக்டர், ஆந்த்ரே ஃபென்டன் குழுவினர் கிப்ரா என்ற இன்னொரு புரதத்தைக் காட்டினார்கள். வலுப்பட்ட சந்தியில் கிப்ரா ஒட்டிக்கொள்கிறது, ஸீட்டா அதைப் பற்றிக்கொள்கிறது. ஸீட்டா தேய்ந்து போனாலும் புதிதாகச் சமைத்த ஸீட்டாவுக்கு எங்கே உட்கார வேண்டும் என்று அந்த இடம் சொல்லிவிடுகிறது. இருவரின் பிடியை மருந்தால் பிரித்தபோது, எலிகளுக்கு வாரக்கணக்கில் ஆன நினைவும் போய்விட்டது. கிரிக்கின் நாற்பது வயது ஊகத்துக்கு இது நெருங்கிய உறவு. ஆய்வாளர்கள் பலகை பலகையாக மாற்றிய கிரேக்கக் கப்பல் ஒன்றை உவமை சொன்னார்கள். முத்தாலம்மனை அவர்களுக்குத் தெரியாது. இதுவே முடிவான விடை என்று சத்தியம் செய்யவேண்டியதில்லை. ஒரு முறை சறுக்கிய துறை இது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தச் செய்திகள் வரும்போதெல்லாம் இரண்டு கட்சிகள் மேடை ஏறிவிடுகின்றன. "பார்த்தீர்களா, எல்லாம் புரதம், ஆன்மா என்று ஒன்றும் இல்லை" என்பது ஒரு கட்சி. "பார்த்தீர்களா, புரதம் எல்லாம் போயும் நினைவு நிற்கிறது, அதைத் தாங்குவது ஆன்மா அல்லாமல் வேறென்ன" என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே அவசரக்காரர்கள். முதல் கட்சி சைவ சித்தாந்தத்தைப் படிக்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தர் உட்படப் பலரை வரிசையில் நிறுத்தி மறுத்தார். ஆனால் நினைவு தங்கும் சித்தத்தைச் சித்தாந்தம் ஆன்மாவாகக் கொள்வதில்லை. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் நான்கும் மாயையிலிருந்து வந்த சடக் கருவிகள், மண்வெட்டி மாதிரி. கருவி மண்ணால் ஆனது என்று ஆய்வகம் கண்டுபிடித்தால் சித்தாந்தி தலையாட்டிவிட்டுப் போவார். அவருக்கு முக்கியம் வெட்டுகிற ஆள்.

இரண்டாம் கட்சிக்குப் பதில் இன்னும் சுருக்கம். நினைவைத் தாங்க ஆன்மா வேண்டியிருந்தால் ஸீட்டாவையும் கிப்ராவையும் பிரித்ததும் எலிக்கு ஏன் மறந்தது? மூளையில் குப்பை அள்ளும் ஏற்பாடு தளர்ந்து, புரதக் கசடு படியும் அல்சைமர் நோயில், பெற்ற மகளை "நீ யாரும்மா?" என்று கேட்கும் தாயிடம் ஆன்மா என்ன செய்துகொண்டிருக்கிறது? நினைவு கருவியின் வேலை. அதைக் காட்டி ஆளை நிறுவவும் முடியாது, ஆளை மறுக்கவும் முடியாது. தேனி மாவட்டம் தேவதானப்பட்டியில் மூங்கிலணை காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. அங்கே கருவறைக் கதவைத் திறப்பதில்லை, பூசை எல்லாம் மூடிய கதவுக்குத்தான். அறிபவர் யார் என்ற கேள்வியில் நரம்பியல் இன்று நிற்கும் இடமும் அந்தக் கதவுக்கு வெளியேதான். உள்ளே யாரும் இல்லை என்பதும் யாரோ இருக்கிறார் என்பதும் வெளியே நிற்பவர் சொல்லும் சொல்.

கதவுக்கு வெளியே தெரிந்துகொண்டது கொஞ்சமல்ல. நினைவை எடுக்கும்போதே அது குலையக்கூடும் என்பது அதில் ஒன்று. 2000இல் நியூயார்க்கில் கரீம் நாடெர் குழு, ஒரு ஒலியோடு மின்னதிர்ச்சி கொடுத்து எலிகளைப் பயப்படப் பழக்கியது. பழகிய பிறகு அந்த ஒலியை மீண்டும் கேட்க வைத்து, உடனே மூளையில் புரதம் கட்டுவதைத் தடுத்தது. பயம் அற்றுப்போனது. ஒலியை நினைவூட்டாமல் அதே மருந்தைக் கொடுத்தால் பயம் அப்படியே இருந்தது. நினைத்ததனால்தான் அழிந்தது. எட்டு ஆண்டுக்குப் பின் தென்கொரியாவில் போங்-கியுன் காங் குழு காரணத்தைப் பிடித்தது. நினைவு எழும்போது சந்தியின் புரதங்களுக்குக் குறி விழுகிறது, புரோட்டியசோம் அவற்றை நறுக்குகிறது, உடனே மறுகட்டுமானம் நடக்கிறது. அந்த இடைவெளியில் கட்டுவதைத் தடுத்தால் நினைவு போய்விடும். நறுக்குவதையே தடுத்துவிட்டால் மருந்தால் நினைவைத் தொட முடியவில்லை.

ஆகவே அந்த அறுபது வயதுக்காரருக்கு டீக்கடையில் எழுந்து வந்த கல்யாணப் பந்தல் 1976இன் பந்தல் இல்லை. போன தடவை அவர் நினைத்துப் பார்த்தபோது மறுபடி கட்டிய பந்தல். தாய்மாமனின் வேட்டி உண்மையில் வெள்ளையா, பட்டுக்கரை போட்டதா என்று யாருக்குத் தெரியும்? கோயில் திருப்பணி என்றால் சாமியின் சக்தியைக் குடத்திலோ படத்திலோ இறக்கிப் பாலாலயம் வைத்துவிட்டுக் கல்லைத் தொடுவார்கள். மூளைக்குப் பாலாலயம் கிடையாது. சாமி உள்ளே இருக்கும்போதே கல் மாறுகிறது, கும்பிடுகிறவர் எதிரிலேயே முகம் திருத்தப்படுகிறது. முத்தாலம்மனின் முகமும் ஆண்டுக்கு ஆண்டு அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை. வேளாரின் கை நடுங்கும் வயதில் கண் கொஞ்சம் சாய்ந்திருக்கும், மகன் கைக்கு வந்ததும் மூக்கு கூர்மையாகும். பழைய போட்டோக்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

வேளார் குடும்பங்களுக்கு வேறு கவலை இருந்தது. கண்மாயில் மண் எடுக்க அனுமதி வாங்குவதற்கே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டியிருந்தது. 2024இல் அரசு விதியைத் திருத்தியது. இப்போது களிமண் இலவசம், தாசில்தார் கையெழுத்து போதும்.